கால் இன்னா கலர்?

காக்கா பார்க்க பஸ் ஏறிப் போன குடும்பம் இரும்புலியூரிலேயே எங்களுடையது ஒன்றுதான். காக்கா இல்லை, கடற்காகம் என்று மாமா திருத்துவார். அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான். "மாடியில கருவாடு காயப்போட்டா நூறு வரும், இதுக்குக் கேளம்பாக்கம் வரைக்கும் போவணுமாடா?" என்று தன் தம்பியான அவரைக் கேட்பாள்.

மாமா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். குளிர்காலம் வந்தால் அவர் கழுத்தில் பைனாகுலர் ஏறிவிடும். பெரிய கடற்காகம் என்று ஒன்று, எப்போதாவது ஒரு வருஷம்தான் நம் பக்கம் வருமாம். இரண்டு முறை அவர் போய்ச் சேர்வதற்குள் பறந்துவிட்டது. நான் நாலாம் வகுப்பு அரையாண்டு லீவில் இருந்தபோது, அது கேளம்பாக்கத்து உப்பங்கழியில் வந்து இறங்கியிருப்பதாக அவருடைய கூட்டாளி போன் செய்தார். பரோட்டா வாங்கித் தருவதாக ஆசை காட்டி மாமா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. எதைப் பார்த்தாலும் கேள்வி. வர்ற பஸ் எங்க போவுது, படி. அந்த போர்டுல இன்னா போட்டுகீது, படி. அந்த வருஷம் இது ரொம்பவே முற்றியிருந்தது. லீவிலும் பரீட்சையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோவளம் சாலைப் பாலத்தில் போய் நின்றோம். தூரத்துச் சேற்றுத் திட்டில் வெள்ளை வெள்ளையாக ஒரு கூட்டம். மாமா பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார். பிறகு கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"சின்னதுக்கு மூக்கு, காலெல்லாம் சிவப்பா இருக்கும். பெருசுக்கு மஞ்சள். ஓரத்துல ஒண்ணு தனியா நிக்குற மாதிரி கீது, பாரு."

நின்றது. மற்றவை அதன் பக்கத்தில் குஞ்சுகளாகத் தெரிந்தன. அலகு நல்ல மஞ்சள், நுனியில் மட்டும் கறுப்பு.

"கால் இன்னா கலர்?"

எனக்குக் கொழுப்பு. இவ்வளவு நேரம் பார்த்துவிட்டுத்தானே கொடுத்தார், தெரிந்துகொண்டே கேட்கிறார். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு வைத்துச் சரியான பதிலை அவரே சொல்லிவிடுவார். பரோட்டாவும் சீக்கிரம் வரும்.

"சிவப்பு" என்றேன்.

"மூக்கு?"

"அதுவும்."

"பக்கத்துல இருக்கிறதவிட பெருசா?"

"எல்லாம் ஒரே சைஸ்தான் மாமா."

குட்டுக்குத் தலையைத் தயாராக வைத்திருந்தேன். மாமா குட்டவில்லை. "சரி, வா" என்றார். கடையில் நான் மூன்று பரோட்டா தின்றேன். அவர் டீ மட்டும் குடித்தார்.

மறு வருஷம்தான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. மாமாவின் கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வேலை போய்விடுமே என்று மனுஷன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பைனாகுலரை எனக்கே கொடுத்துவிட்டார். அவர் நோட்டில் எத்தனையோ பறவைகள் உண்டு, அந்தப் பெரிய கடற்காகம் மட்டும் கிடையாது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அன்று திரும்பும் பஸ்ஸில் அவர் இன்னொரு முறையும் கேட்டார். "நல்லா பார்த்தியாம்மா, சிவப்புதானா?"

டீச்சர் இரண்டாம் தடவை கேட்கும்போது பதிலை மாற்றினால் திருட்டுத்தனம் வெளிப்பட்டுவிடும் என்பது எங்கள் வகுப்புச் சட்டம். "சிவப்பேதான்" என்றேன். மாமா என் தலையைத் தடவிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் தெரிந்தவர்கள்தான் கேள்வி கேட்பார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது.