அடித்து எழுதிய மூன்று லிட்டர்

பொறாமையால் ஒரு மனிதரின் கையைக் கெடுத்தவன் நான். கைத்தவறு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ராயபுரத்தில் ஒரு சிறிய டயாலிசிஸ் மையத்தில் மூத்த மருத்துவனாக இருந்தேன். நோயாளியின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்துவேன். விழும் குழியைப் பார்த்து, எத்தனை லிட்டர் நீர் எடுக்கலாம் என்று சொல்வேன். அந்த விரலுக்கு அங்கே நல்ல பெயர் இருந்தது.

புதிதாக வந்த டாக்டரம்மா ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தநாளத்தை வயிற்றின் மேலிருந்தே பார்ப்பார். புடைத்திருந்தால் நீர் அதிகம். ஒட்டியிருந்தால் எடுக்க அதிகமில்லை. அவர் வந்தபின், நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் கெண்டைக்கால் இழுத்துப்பிடித்து நோயாளிகள் அலறுவது குறைந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு காலை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் ஒருவர் படுத்திருந்தார். வலது கால் வீங்கியிருந்தது. அழுத்தினேன், குழி விழுந்தது. சீட்டில் டாக்டரம்மா 'ஒரு லிட்டர் போதும்' என்று எழுதியிருந்தார்.

"தம்மாத்தூண்டு தண்ணிதான் கீதாம் சார். அந்தம்மா டிவில பாத்து சொல்லிச்சு. நீ இன்னும் காலையே அமுக்கிகினு கீற" என்று அவர் சிரித்தார்.

பக்கத்துப் படுக்கைக்காரர்களும் சிரித்தார்கள். ஒன்றை அடித்து மூன்று என்று எழுதினேன்.

மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய ரத்த அழுத்தம் சரிந்தது. உயிர் தப்பியது. ஆனால் ரத்த ஓட்டம் தளர்ந்ததில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் அறுவை செய்து உண்டாக்கியிருந்த ரத்தக்குழாய் அடைத்துப் போனது. கால் வீக்கம் யானைக்கால் நோயின் தொடக்கம் என்று பின்னர் தெரிந்தது. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்ததைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. கையை மடக்கிப் படுத்ததால் அடைத்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பினார், அவர் மனைவியும் நம்பினார்.

வலது கையில் மறுபடி அறுவை செய்து, அது தேறி வந்த நாளில், அவர் மனைவியும் டாக்டரம்மாவும் இருக்கும்போது உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா தலையை மட்டும் அசைத்தார். அடித்த சீட்டை அவர் முன்பே பார்த்திருந்தார்.

"ரெண்டு மாசமா, கைய மடக்கிகினேன்னு இவகிட்ட ஏச்சு வாங்கிகினு கீறேன். அதுக்கு இன்னா பண்ணுவ சார்?" என்றார் நோயாளி.

அதன் பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டு ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கிரேன்காரர் வரும் நாட்களில் மெஷினை நானே தள்ளிக்கொண்டு போவேன். மற்றவர்கள் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அவர் மட்டும் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொள்வார்.

"அந்தம்மா வரட்டும்" என்பார்.

டாக்டரம்மா வரும்வரை, ஸ்கேனுக்கு வயிற்றில் தடவும் ஜெல் டப்பாவோடு அருகிலேயே நிற்பேன்.