செருப்புத் தோலில் எலும்பு ஊசி

வேலப்பன்சாவடி பேருந்து நிறுத்தத்தில் என் தோல் செருப்பின் வார் அறுந்துவிடுகிறது. நிழற்குடையை ஒட்டிச் செருப்பு தைப்பவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் குத்தூசியை எடுக்கும்போது என் பையிலிருந்த எலும்பு ஊசியை நீட்டுகிறேன். அகழாய்வில் கிடைத்த ஓர் ஊசியைப் பார்த்து, ஆட்டுக்கால் எலும்பைக் கல்லில் தேய்த்து நானே செய்தது. தோலில் இறங்குமா என்று இன்னும் தெரியாது.

"இதால ஒரு ஓட்டை போட்டுப் பாருங்களேன்."

"இன்னா சார், நல்லியத் துன்னுட்டு ஊசி பண்ணிகினு வந்துகீறியா? ஒட்ஞ்சா என்னாண்ட கேக்கக் கூடாது."

அழுத்தி ஒரு திருகு திருகுகிறார். தோலின் மறுபக்கம் வெள்ளை முனை எட்டிப் பார்க்கிறது.

"உடையலைங்க!" நான் போட்ட கூச்சலில் நிறுத்தமே திரும்பிப் பார்க்கிறது.

"அட, சோக்காத்தான் கீது!"

தைத்து முடிக்கும்போது பூந்தமல்லி பேருந்து வருகிறது. நான் ஏறவில்லை. அறுந்துபோகாத மற்றச் செருப்பையும் கழற்றி அவரிடம் நீட்டுகிறேன்.