பத்து வருடம் தரையில் உட்காராதவன்

எழுதத் தெரியாத ஆள் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நழுவிவிடுவேன். ஆனால் என் மகள் கல்யாணத்தில் நடந்ததை, என் மனைவியின் அண்ணன் எங்கள் ஊர் குளுவாங் முழுக்கத் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கதை பக்கத்து ஊர் பாலோ வரை போய்விட்டது. அதனால் நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

என் இடது இடுப்பு மூட்டு செயற்கையானது. யோங் பெங் சாலைச் சந்திப்பில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து எலும்பு உடைந்தபோது வைத்தார்கள். அது சாதாரண வகை. தரையில் உட்காரக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்து மச்சான் வீட்டுப் புதுமனை விருந்து. எல்லாரும் வரிசையாகத் தரையில் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி கேட்க வெட்கம். நானும் சம்மணம் போட்டுவிட்டேன்.

பாயசம் வரை ஒன்றும் இல்லை. எழுந்தபோது மூட்டு கழன்றுகொண்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தைத் தன் மடியிலேயே ஊற்றிக்கொண்டார். வேட்டி விலகிக் கிடந்த என்னை அறுபது பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். வலி மறந்துவிட்டது. அந்த அறுபது முகங்கள் மறக்கவில்லை.

அந்த மூட்டு இன்னொரு முறையும் கழன்ற பிறகு, டாக்டர்கள் அதையே மாற்றினார்கள். புதியதற்கு 'டுவல் மொபிலிட்டி' என்று பெயர். ஒரு சிறிய உருண்டை பெரிய பிளாஸ்டிக் உருண்டைக்குள் சுழலும். அந்தப் பெரிய உருண்டை, இடுப்பில் பதித்த உலோகக் கிண்ணத்துக்குள் சுழலும். இரண்டு இடத்தில் அசைவதால் அவ்வளவு சுலபமாகக் கழலாது. மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் மச்சான் கேட்டுவிட்டு, "டபுள் பேரிங் மச்சான்! இனி ரேஸுக்கே போலாம் லா" என்றார்.

நான் ரேஸுக்கும் போகவில்லை, தரைக்கும் போகவில்லை. பத்து வருடம். உண்மையைச் சொன்னால் அந்த இடுப்பு எனக்கு வசதியாகவும் போயிற்று. கோயிலில் செயலாளராக இருக்கச் சொன்னார்கள். இடுப்பு சரியில்லை என்றேன். அந்த வேலைக்கு இடுப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மனைவி மட்டும் கேட்டாள்.

பிறகு மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண்ணின் அப்பா மணமேடையில் கீழே உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். என் தம்பியும் அவன் மனைவியும் உட்காரட்டும் என்றேன். "சரிப்பா. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா எனக்குக் கல்யாணமே இனிக்காது" என்றாள் மகள். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரம் எனக்கு வருடாந்திரச் சோதனை. எப்போதும் வெளியே உட்காரும் மனைவி, "இந்தத் தடவ நானும் உள்ள வரேன்" என்றாள். டாக்டர் இளவயதுச் சீனப் பெண். இரண்டு எக்ஸ்ரே படங்களைத் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மலாயில் கேட்டார்.

"அங்கிள், ஒண்ணு ஆபரேஷன் முடிஞ்சப்ப எடுத்தது. ஒண்ணு இன்னைக்கு எடுத்தது. எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. மூட்டிலுள்ள பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாதாம். ஆனால் அது தேய்ந்து தூளானால் சுற்றியுள்ள எலும்பு அரித்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடுமாம். எலும்பு அப்படியே இருந்தது. கிண்ணமும் நகரவில்லை.

"இவ்ளோ புதுசா இருக்கே, இதைப் பயன்படுத்துறீங்களா இல்லையா?" என்றார் டாக்டர்.

"எங்க டாக்டர்! கல்யாணச் சட்டை மாதிரி அலமாரியில வச்சிருக்காரு" என்றாள் மனைவி.

இந்த மூட்டு இன்னும் எத்தனை வருடம் வரும் என்று கேட்டேன். அதற்குத் தான் கையெழுத்துப் போட முடியாது, இதுவரை நன்றாக இருக்கிறது, வருடா வருடம் வந்து காட்ட வேண்டும் என்றார். மனைவி கல்யாண விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் என் காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கட்டிலில் ஏறுவதற்கு வைத்திருந்த படியில் உட்கார்ந்து எழச் சொன்னார்.

"உட்காரலாம். ஆனா தரையோட தரையா வேணாம், கொஞ்சம் உயரமான பலகை போடுங்க. காலை இறுக்கி மடக்காதீங்க. ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன் அங்கிள். பழைய மூட்டைவிட ரொம்பக் குறைவு."

திரும்பும்போது காரில் மனைவி கேட்டாள்: "ஏங்க, இனிமே எதைச் சொல்லித் தப்பிக்கப் போறீங்க?"

"பயமா இருக்கு" என்றேன். பத்து வருடத்தில் அந்த வார்த்தையை அப்போதுதான் முதல்முறை சொன்னேன்.

"தெரியும். அறுபது பேரு பாத்தாங்க. அதுல நானும் ஒருத்தி. உங்க வேட்டிய இழுத்து மூடுனது யாருன்னு நினைச்சீங்க?"

கல்யாணத்தன்று மச்சான் பட்டறையிலேயே ஒரு பலகை அடித்து, சிவப்புத் துணி சுற்றிக் கொண்டுவந்தார். "எஞ்சினையே ஏத்திப் பாத்துட்டேன், உங்களைத் தாங்கும்" என்றார். அதோடு விடாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"மச்சான், அதைக் கீழ வைங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே மச்சான் வந்திருக்காங்க."

உட்கார்ந்தேன். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்தேன். மனைவி தண்ணீர் ஊற்றினாள். மகள் குனிந்தபடியே என் கட்டைவிரலை அழுத்தி, "உக்காந்துட்டீங்களே ப்பா" என்றாள்.

எழுந்திருங்கள் என்றார் குருக்கள். மேளம் நின்றிருந்தது. ஒரு கையை ஊன்றி எழுந்தேன். மனைவியும் கூடவே எழுந்தாள். 'டக்' என்று ஒரு சத்தம்.

முன் வரிசையில் ஒருவர் பாதி எழுந்துவிட்டார். மச்சான் நாற்காலியை நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். நான் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். எந்த வலியும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது என் மனைவி.

"முட்டிங்க" என்றாள். "என் முட்டி."

அந்தச் சத்தம் என் இடுப்பு என்றுதான் மச்சான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது என் இடுப்பு இல்லை.

மறுநாள் மனைவியை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள்.