வேதியியல் எடுக்காத ஜாசிந்தா

கிரெனடாவின் குவாவ் ஊரில் வெள்ளிக்கிழமை மாலை மீன்கடைகள் புகையத் தொடங்கினால், ஜாசிந்தாவின் அடுப்புக்கு முன்னால்தான் முதலில் கூட்டம் சேரும். வயது இருபத்தாறு. மருந்தாளுநர் ஆக வேண்டும் என்ற அவளுடைய ஆசை ஊருக்கே தெரியும். அதற்குக் குறுக்கே நின்றது வேதியியல்.

பதின்மூன்று வயதில், பள்ளியில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், பெண்கள் தோழிகளின் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள். அவளுடைய தோழிகள் சமையல் வகுப்புக்குப் போனார்கள்; அங்கே செய்ததைச் சாப்பிடலாம். ஜாசிந்தாவும் பின்னாலேயே போனாள். உயிரியலை மட்டும் எப்படியோ விடவில்லை. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினாள்.

இப்போது கல்லூரியில் இடம் கேட்டுப் போனபோது, சேர்க்கையைக் கவனித்துக்கொண்ட அம்மாள் அவள்மேல் இரக்கப்பட்டார். ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளிகளில் படித்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. சேர்ந்துவிட்டு, வேதியியலைப் பிறகு முடித்துக்கொள்ளலாம்.

"உங்க ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி இல்லதானே, கண்ணு?" என்று அவரே வழியைத் திறந்துவிட்டார்.

தலையை ஆட்டியிருந்தால் அந்த ஆண்டே இடம் கிடைத்திருக்கும்.

"இருந்துச்சு, மேடம். நான்தான் எடுக்கல."

கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் சித்தி அர்மெல் கரண்டியை ஓங்கினாள். "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு வெந்துடுமா? சின்னப் பிள்ளைக்கு என்னடி தெரியும்? டீச்சர்தானே சொல்லியிருக்கணும்?"

"சொன்னாங்க, சித்தி. எனக்குத்தான் தேங்காய் ரொட்டி வாசனையில காது கேக்கல."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போகவில்லை.

ஜாசிந்தா முடிவிலிருந்து பின்னோக்கி யோசித்தாள். கல்லூரிக்கு வேதியியல் வேண்டும். வேதியியலில் பாதி கணக்கு. ஆகவே முதல் வருடம் மாலை வகுப்பில் கணக்கைச் சரிசெய்தாள். செய்முறைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அது பழைய பள்ளியில்தான் இருந்தது. தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்டு, சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே சாதாரணப் பாவாடையில் போய் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு முடிந்து ஓடிவந்துதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

"ஆன்ட்டி, உங்க மேல மீன் வாசனை," என்று மூக்கைப் பிடித்தாள் பக்கத்து மேசைப் பெண்.

"அடுத்த வாரம் அமோனியாவாம். அப்ப நீயே என் பக்கத்துல வந்து ஒட்டிக்குவ."

மூன்று ஆண்டுகள் கழித்து கல்லூரியின் அதே அறையில், அதே அம்மாளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவருக்கு இவளை நினைவில்லை.

"கெமிஸ்ட்ரி இருக்கா?"

"இருக்கு, மேடம்."

"எந்த ஸ்கூல்?"

"அதே ஸ்கூல்தான். இந்தத் தடவை எடுத்தேன்."

அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு, வகுப்பு எந்தத் திங்கட்கிழமை தொடங்குகிறது என்று சொன்னார்.