முதுகு காட்டிய டீச்சர்

ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை நட்டநடுவில் பிய்த்துக்கொண்டிருக்கிறார் கத்தரி டீச்சர். பிய்ப்பதில் அவருக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. ‘விகிதம்’ என்று தலைப்புப் போட்ட பக்கத்தை எடுத்து, நெருக்கியடித்து நிற்கும் பத்தியை வரிவரியாகக் கத்தரியால் வெட்டி, வரிக்கு ஓர் அட்டையாக ஒட்டுகிறார். பசை விரலைத் துடைக்கத் துணி தேடும் பழக்கம் இல்லை. மேசை விளிம்பு எதற்கு இருக்கிறது?

பள்ளியில் அவருக்குச் சிறப்பு ஆசிரியர் என்று பெயர். நடக்க, பேச, எழுத, புரிந்துகொள்ளச் சிரமப்படும் பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்க வழிசெய்வது வேலை. வழி என்றால் அட்டை, கயிறு, மூடி, மணல் எல்லாம்தான். அவர் வீட்டில் ஒரு டப்பாவுக்கும் மூடி கிடையாது. “உப்பு டப்பா மூடி இப்ப எந்த கிளாஸ்ல படிக்குது?” என்று கணவர் கேட்டால், “ஆறாவது. நல்லாத்தான் படிக்குது” என்று பதில் வரும்.

சிரித்த முகம்தான். ஆனால் ‘பாவம்’ என்ற சொல் காதில் விழுந்தால் போதும், முகம் மாறிவிடும். “பாவம் டீச்சர் அந்தப் பொண்ணு, ஏழாவது பாடமெல்லாம் எதுக்கு, ஒண்ணாவது புஸ்தகத்துல நாலு படம் குடுங்க, சந்தோஷமா இருப்பா” என்று ஆசிரியர் அறையில் யாரோ சொல்லப்போக, அன்று டீ ஆறிப்போகிறவரை விடவில்லை. “மாடி ஒண்ணுதாங்க. படியேற முடியலன்னா சாய்தளம் போடுங்க. அதுக்காகக் கீழேயே ஒக்கார வெச்சுட்டு, ‘இதான் உன் மாடி’ன்னு சொல்லாதீங்க. உங்களுக்குப் பாவம் பாக்கணும்னா வேற எங்கயாவது போய்ப் பாருங்க.”

அந்தப் பொண்ணு என்று சொன்னது சக்கர நாற்காலிக்காரியை. வயது பன்னிரண்டு. பேச்சு வராது. கைகள் சொன்ன பேச்சைக் கேட்காது. வலது கையை மட்டும் மடக்கி, குறிபார்த்து மேசைமேல் குத்துவாள். மூன்று அட்டைகளை முன்னால் வைத்துக் கேள்வி கேட்டால், எந்த அட்டைமேல் குத்து விழுகிறதோ அதுதான் பதில். வாய்க்கும் கைக்கும் சேர்த்துக் கண் வேலை செய்யும். யார் அழுதுவிட்டு வந்தார்கள், யார் புதுச் செருப்பு போட்டிருக்கிறார்கள் என்று ஒன்று தப்பாது. அதனால் டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் மாமியார். “எங்க வீட்டு மாமியாருக்குக்கூட இப்படி ஒரு பார்வை கெடையாதுடி.”

மாமியார் இதற்குமுன் மூன்று வருடம், இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனியே உட்காரவைக்கும் நடைக்கோடி அறையில் இருந்தாள். அங்கே ஒரு வாத்துப் படம். வருடம் மாறும், வாத்து மாறாது. யாரோ அவள் கையைப் பிடித்து மஞ்சள் தீட்டிவிடுவார்கள். இந்த வருடம் டீச்சர் சண்டை போட்டு அவளைக் கணக்கு வகுப்புக்குக் கொண்டுவந்தார். தலைமையாசிரியை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: பருவ முடிவில் கணக்கு சார் சோதிக்க வேண்டும். பாடம் ஏறுகிறது என்று அவர் சொன்னால் வகுப்பு, இல்லையென்றால் பழைய வாத்து.

சோதனை நாளில் சார் பார்த்திருக்க, டீச்சர் கேள்வி கேட்டார். மாமியார் சொல்லிவைத்தாற்போல் குத்தினாள். கேட்டதெல்லாம் சரி. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கு சார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை, எதையும் சரிபார்க்காமல் நம்பாதவர்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க ஒவ்வொரு தடவையும் சரியான அட்டையத்தான் பாக்குறீங்க. அவ அட்டையப் பாக்கல. உங்க மூஞ்சியப் பாக்குறா.”

டீச்சர் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இத்தனை மாதமும் அந்தப் பெண் படித்தது விகிதத்தையா, தன் முகத்தையா? ஊரையெல்லாம் பாவம் பார்க்காதே என்று அதட்டியவர், தன் கண் அதே வேலையைச் செய்துகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அவள் தோற்றுவிடக் கூடாது என்று அது ஓடி ஓடி விடையைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

திரும்பி வந்தார். “இன்னொரு தடவை வெச்சுடலாம் சார். அட்டைய நீங்களே எழுதுங்க, நீங்களே கேளுங்க. அட்டையப் பாக்காம அவ தலைக்கு மேல பாத்துக் கேளுங்க.” தன் நாற்காலியை இழுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. தொண்டையில் உறுமல் எழுந்தது. திரும்பு என்று அர்த்தம். டீச்சர் திரும்பவில்லை. ஆனால் பிடரி குறுகுறுத்தது.

“பெயின்ட் கலக்குறோம். ரெண்டு கப் நீலத்துக்கு மூணு கப் வெள்ளை. அப்ப நாலு கப் நீலத்துக்கு வெள்ளை எத்தனை?”

நெடுநேரம் சத்தமில்லை. பிறகு ஒரு குத்து.

“அஞ்சு” என்றார் சார்.

விடை ஆறு. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சுவருக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

சார் எழுந்திருக்கவில்லை. வேறு அட்டைகள் எழுதும் சத்தம் கேட்டது. “ஒரு கப் நீலத்துக்கு நாலு கப் வெள்ளை. மூணு கப் நீலத்துக்கு?”

இந்தத் தடவை குத்து சீக்கிரம் விழுந்தது.

“ஆறு!” விடை பன்னிரண்டு. சார் குரலில் ஏன் இவ்வளவு உற்சாகம் என்று டீச்சருக்கு விளங்கவில்லை. “டீச்சர், இங்க பாருங்க. நீலம் ரெண்டு கூடுச்சா, வெள்ளையிலயும் ரெண்டக் கூட்டிட்டா. ரெண்டு கணக்குலயும் அதேதான். பெருக்கணும்னு தோணல. என் கிளாஸ்ல பாதிப் பேரு இந்தக் குழியிலதான் விழுந்து கெடக்குறாங்க. குருட்டாம்போக்குல குத்துனா ஒரே தப்பு ரெண்டு தடவ வருமா? இவ யோசிச்சுத்தான் தப்புப் பண்ணியிருக்கா.”

“அப்ப ஹெச்.எம். கிட்ட?”

“என்ன சொல்றது, முன் வரிசைல எடம் போடச் சொல்றேன். அந்த வாத்துக்கு வேற ஆள் பாத்துக்கட்டும்.”

டீச்சர் நாற்காலியைத் திருப்பினார். கண்ணில் நீர் கோத்திருந்தது. மாமியார் கடுகடுவென்று முறைத்தாள். முதுகு காட்டியதற்கு மன்னிப்புக் கிடைக்காது போலிருந்தது.

டீச்சரிடம் சிவப்புப் பேனா கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படும் என்று நினைத்து அவர் வாங்கியதே இல்லை. சாரின் சட்டைப்பையிலிருந்து கேட்காமலே உருவினார். ஒரு தாளில் பெரிதாக 5 என்று எழுதி, பக்கத்தில் × என்று தப்புக் குறி போட்டு, மாமியாரின் கண்ணுக்கு நேரே பிடித்தார். “தப்பு.”

அவள் உறுமலை நிறுத்திவிட்டு அந்தக் குறியையே பார்த்தாள். அப்படி ஒன்றை அவள் தாளில் இதுவரை யாரும் போட்டதில்லை.

டீச்சர் தாளை மேசையில் வைத்து, கீழே 3 என்றும் கொஞ்சம் தள்ளி 2 என்றும் எழுதினார். இரண்டுக்கும் நடுவில், அதே சிவப்புப் பேனாவால், அதே குறியை இன்னொரு தடவை போட்டார்.