மூன்று மணி நேரத்து அக்கா

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடிந்து வெகு நேரமாகியும் மூடுபனி விலகவில்லை. எதிர்வீட்டுக் கதவே மங்கலாகத்தான் தெரிந்தது. அன்று பதினொரு மணிக்கு அக்காவும் தங்கையும் குடியுரிமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நிற்க வேண்டும். கடிதம் வந்து ஒன்பது நாளாகியிருந்தது.

அக்கா, தங்கை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், இருவரும் இரட்டையர். மூத்தவள் மூன்று மணி நேரம் முந்திப் பிறந்தவள். அந்த மூன்று மணி நேரத்தை அவள் முப்பத்தோர் ஆண்டுகளாக யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பேருந்தில் சன்னலோர இருக்கை அவளுக்கு. காலையில் முதல் குளியல் அவளுக்கு. எதைப் பங்கிட்டாலும் பெரிய துண்டு அவளுக்கு. ‘மூணு மணி நேரத்து அக்கா’ என்று இளையவள் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வாளே தவிர, ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

மூத்தவளுக்கு ஒரு மருத்துவமனையில் வேலை. அறுவைக் கருவிகளைத் தூய்மை செய்யும் அறையில் பதினோராண்டுகளாக இருக்கிறாள். கத்தரி, இடுக்கி, ஊசிப்பிடி என்று ஒவ்வொன்றையும் எண்ணித் தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, மேலே ஒரு பட்டையை ஒட்டி, நீராவிக் கலனுக்குள் அனுப்ப வேண்டும். உள்ளே போதிய சூடு ஏறினால்தான் பட்டையிலுள்ள வெளிறிய கோடுகள் கறுக்கும். கோடு கறுக்காத பொட்டலத்தை அவள் ஒருபோதும் வெளியே விட்டதில்லை. “அவ கட்டின பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிக்கலாம்” என்பார் தலைமைச் செவிலி. அப்படிப்பட்டவள் அந்த ஒன்பது நாளில், ஒரு கத்தரியைக் காணவில்லை என்று அறையையே தலைகீழாக்கினாள். கத்தரி அவள் கையிலேயே இருந்தது.

அவளுடைய அச்சத்திற்குக் காரணம் அவள் பிறந்த நாளிலேயே இருந்தது. பெற்றோர் ஆற்றுக்கு அக்கரையில் வாழ்ந்தவர்கள். அக்கரை வேறு நாடு. தாய்க்கு வலி கண்டபோது அங்கிருந்த சிறு மருத்துவ நிலையத்தில் முதல் குழந்தை பிறந்தது. இரண்டாவது குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட, ஒரு சரக்கு வண்டியில் தாயைப் படுக்க வைத்துப் பாலத்தைக் கடந்து இக்கரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மூத்தவள் தகப்பனின் சட்டைக்குள் சுருண்டு உடன் வந்தாள். இளையவள் இங்கே பிறந்தாள். பிறகு தகப்பனுக்கு இங்கேயே வேலை கிடைத்தது. குடும்பமும் இங்கேயே தங்கிவிட்டது.

இந்நாட்டுச் சட்டப்படி இங்கே பிறந்தவரே இந்நாட்டவர். இளையவள் பிறந்ததும் மருத்துவமனைப் பதிவேட்டில் ‘பெண் குழந்தை, ஒன்று’ என்று பெயரில்லாமல் எழுதப்பட்டு, ஒரு பதிவெண் தரப்பட்டது. பள்ளியில் சேர்க்கப்போனபோது எழுத்தர் இரண்டு விண்ணப்பங்களிலும் ஒரே பிறந்தநாளைக் கண்டார். “இரட்டைப் பிள்ளைங்கதானே? நம்பரும் ஒண்ணாத்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே, அந்த ஓர் எண்ணையே இருவருக்கும் எழுதினார். தகப்பன் திருத்தவில்லை. வாயைத் திறந்தால் ஒரு பிள்ளைக்குப் பள்ளி இல்லாமற்போகும் என்று பயந்து வந்துவிட்டார். அந்த எண்ணைக் கொண்டே மூத்தவள் படித்தாள், வேலைக்குச் சேர்ந்தாள், மின்தூக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரை மணந்தாள், ஒரு மகளையும் பெற்றாள். இப்போது பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது, ஓர் எண்ணில் இருவர் இருப்பது தெரிந்துவிட்டது.

கடிதம் சுற்றிவளைக்கவில்லை. முதல் குழந்தை அக்கரையில் பிறந்ததற்கு அங்கிருந்து சான்று வந்துள்ளது. அக்குழந்தை உங்களில் யார் என்று நேரில் சொல்ல வேண்டும். அவர் முப்பது நாளில் பிறந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். இருவரும் சொல்லாவிட்டால் இருவருடைய பதிவும் நீக்கப்படும். பெற்றோர் காலமாகிவிட்டனர், மருத்துவச்சியும் இல்லை. உண்மையறிந்தவர்கள் வீட்டுக்குள் மட்டுமே இருந்தார்கள்.

அக்கரை வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை மூத்தவள் நன்றாக அறிவாள். அவள் பிறந்த அதே வாரத்தில், அதே கட்டிலில் பிறந்தவள் பெரியம்மா மகள். பன்னிரண்டு வயதில் ஒருமுறை தகப்பன் மூத்தவளை மட்டும் அங்கே அழைத்துப்போனார். இளையவளுக்கு அப்போது அம்மை. இரு சிறுமியரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று உயரம் பார்த்தார்கள். ஒரு விரற்கடைகூட வேறுபாடில்லை. ஆனால் பெரியம்மா மகள் பள்ளியை விட்டு இரண்டாண்டாகியிருந்தது. நாள்தோறும் தண்ணீர் சுமப்பதே அவளுடைய வேலை. இப்போது அவளுக்கு முன்பல் இல்லை. பெற்ற மூன்றில் ஒன்றுதான் மிஞ்சியது. தொலைபேசியில் பேசினால் அவளே சிரிப்பாள்: “எங்க ஊர்ல வியாழக்கிழமை மட்டுந்தான்டி நோவு வரணும். அன்னைக்குத்தான் டாக்டர் வராரு.” அங்கே அவளை யாரும் பாவம் என்று சொல்வதில்லை. அந்தத் தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான்.

மூத்தவளின் மகளுக்கு எட்டு வயது, இளைப்பு நோய். விடியற்காலையில் மூச்சு சீழ்க்கையடிக்கத் தொடங்கியதும் எழுந்து மருந்துக்குழலை வாயில் வைப்பவள் தாய்தான். அந்தச் சீழ்க்கையொலி கேட்கும்போது தான் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதாக எண்ணிப் பார்ப்பாள். குழந்தையையும் உடன் கொண்டுபோனால் வியாழக்கிழமை வரை அந்த மூச்சு காத்திருக்குமா?

இளையவள் நகரப் பேருந்து ஓட்டுபவள், திருமணம் செய்துகொள்ளாதவள். திங்கட்கிழமை மாலை அக்கா வீட்டுக்கு வந்து சமையலறை மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

“நாளைக்கு ஒரு நாள் நான் அக்கா. நீ தங்கச்சி. சரியா?”

“விளையாடாதடி.”

“விளையாடல. எனக்குப் புருஷனா, புள்ளையா? உனக்குப் பொண்ணு இருக்கா. முதல்ல பொறந்தது நான்தான்னு சொல்லிடறேன். இத்தனை வருஷம் நீ சன்னலோரம் உட்கார்ந்தது போதும், எனக்கும் ஒரு தடவை அக்காவா இருக்க ஆசை இருக்காதா?”

மூத்தவளின் கணவர் தலைநிமிராமல் சொன்னார்: “நீ எதுவும் சொல்ல வேணாம். பேசாம நின்னாப் போதும்.”

மூத்தவள் தலையசைத்தாள். அசைத்த பிறகு தங்கையின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தின் நடைக்கூடத்தில் சாம்பல்நிற நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவர்களுடைய வரிசை எண் பதினான்கு. பன்னிரண்டாம் எண்காரர் உள்ளே போய்த் திரும்புகையில் மேல்சட்டையைத் தப்பாகப் பொத்தானிட்டிருந்தார். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். மூத்தவளின் கைகள் மடியிலிருந்த துணிப்பையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன.

“அக்கா, அங்க பஸ் ஓடுமா?” என்றாள் இளையவள்.

“ஒண்ணு ஓடும்.”

“அப்ப அதை ஓட்ட ஏற்கெனவே ஒருத்தன் இருப்பான்.” சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்: “தண்ணி எப்படி இருக்கும்? குடிக்கலாமா? நான் ஒரு தடவைகூட போனதில்லையே.”

அந்தத் தண்ணீரின் துருநாற்றம் மூத்தவளுக்கு நினைவிருந்தது. தங்கையின் கையைப் பிடித்தாள். அது காய்ச்சலில் கிடந்த குழந்தையின் கைபோல வேர்த்திருந்தது. பேருந்தின் பெரிய சக்கரத்தைத் திருப்பும் கை அது.

“பதினாலு!”

உள்ளே இருந்த அதிகாரி இவர்கள் வயதுடைய பெண்தான். தொண்டை கட்டியிருந்ததால் வெந்நீரை உறிஞ்சிக்கொண்டே கோப்பின் தாள்களைப் புரட்டினார். “உட்காருங்கம்மா” என்றார். குரலில் கடுமை இல்லை. அதுவே மூத்தவளை இன்னும் அச்சுறுத்தியது.

அதிகாரி எழுதுகோலை எடுத்தார். “ஒரே கேள்விதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எழுதினா மாத்த முடியாது. உங்கள்ல முதல்ல பொறந்தது யாரு?”

“நான்...” என்று தொடங்கினாள் இளையவள்.

“அவ இல்லீங்க” என்றாள் மூத்தவள். “நான்தான். மூணு மணி நேரம் முன்னாடி.”