பிடுங்கக் கூடாத முள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் சைக்கிளில் வரும் வழியில், வெட்டவெளியில் நிற்கிறேன். மலைமேல் மின்னல் வெட்டுகிறது. முன்சக்கரத்தில் கருவேல முள் ஏறியிருக்கிறது. பஞ்சர் கடை வரும்வரை அதைப் பிடுங்கக் கூடாது. துளையை அடைத்திருப்பதே அந்த முள்தான். பம்பால் காற்றடிக்கிறேன்.

ஆடுகளை ஓட்டிவந்தவர் குனிகிறார். "இன்னா சார், முள்ள வச்சிக்கினே காத்தடிக்கிறீங்க?"

"தொடாதீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முள் அவர் விரலில் இருக்கிறது. டயர் சீறி அடங்குகிறது.

அருகில் எங்கோ இடி விழுகிறது. "வண்டியப் போட்டுட்டு ஓடியாங்க சார்!" என்று கத்திக்கொண்டே அவர் ஆடுகளோடு பள்ளத்துக்கு ஓடுகிறார்.

மின்னும்போது இரும்பைத் தொடக் கூடாது என்று ஓய்வுபெறும்வரை வகுப்பெடுத்தவன் நான். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருக்கும் என் விரல்களிடம்தான் அதை யாராவது சொல்ல வேண்டும்.